புட்டியின் மேல் எழுதியிருப்பதும் புட்டிக்குள் இருப்பதும்

சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் என் மேசைமீது ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பழுப்பு நிறச் சூரணம். அவருடைய தந்தை முழங்கால் வலிக்காக அதை எட்டு மாதமாகக் காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி வீதம் வெந்நீரில் கலந்து குடித்து வருகிறாராம். வலி குறைந்திருக்கிறது, ஆனால் அண்மைக் காலமாக வயிற்று வலியும் சோர்வும் வந்திருக்கின்றன. "சார், இதில் என்ன இருக்கிறது என்று நம் ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருப்பவை சோடியம் விளக்கும், ஒரு பழைய நிறமாலைமானியும், சில தராசுகளும். மறுநாளே தந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படியும், இந்தச் சூரணத்தைப் பற்றி அவரிடம் மறைக்காமல் சொல்லும்படியும் கூறி அனுப்பினேன். புட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். மதிப்புரை எழுதுவதற்காக ஒரு நூலைப் படிப்போமல்லவா, அதுபோல அன்று மாலை அதன் மேலிருந்த வாசகங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

பெரிய எழுத்தில் மூன்று வாசகங்கள்: "முழுவதும் இயற்கை மூலிகைகளால் ஆனது." "பன்னெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது." "பக்கவிளைவுகள் அற்றது." சிறிய எழுத்தில் பதினொரு செடிகளின் பெயர்களும் அளவுகளும், தொகுதி எண், உரிம எண். நான் தேடிய ஒன்று மட்டும் இல்லை. இந்தத் தொகுதியை யாராவது, எந்தக் கருவியாலாவது சோதித்தார்களா, சோதித்திருந்தால் விடை என்ன என்ற செய்தி எங்குமே இல்லை.

மூலிகை என்றாலே முகம் சுளிப்பவன் அல்லன் நான். மழைக்காலத்தில் என் தாயார் வைக்கும் தூதுவளை ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடிப்பவன். நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்து கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது இன்றும் கொடுக்கப்படுகிறது. அதே வின்கிறிஸ்டின் நரம்புகளைப் பாதிக்கும் என்பதால், மருத்துவர்கள் அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். ஒரு செடிக்கு உடலை மாற்றும் ஆற்றல் உண்டு என்றால், வேண்டாத இடத்தில் மாற்றும் ஆற்றலும் அதற்கு இருக்கக்கூடும். அந்த ஆற்றல் சிறிதும் இல்லை என்றால் அதை மருந்து என்று விற்பது எதற்கு? இரண்டையும் ஒருசேரச் சொல்லும் வாசகம், முடுக்கம் உண்டு, விசை இல்லை என்று எழுதும் மாணவரின் விடைத்தாளைப் போன்றது.

ஆடு தின்னாத செடி

முதல் வாசகத்தை எடுத்துக்கொள்வோம். மூலிகைகளால் ஆனது, சரி, எந்த மூலிகை?

பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரசல்சில் உடல் எடையைக் குறைக்கும் மருத்துவ நிலையம் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டிலிருந்து அங்கே கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் இரண்டு சீன மூலிகைகளின் பொடியும் சேர்க்கப்பட்டது. 1992இல் அந்நகர மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். அதுவரை நலமாயிருந்த பெண்கள் சிலருக்குச் சிறுநீரகங்கள் சில மாதங்களிலேயே சுருங்கிச் செயலிழந்தன. விசாரித்ததில் எல்லாரும் அந்த நிலையத்திற்குச் சென்றவர்கள். இச்செய்தி 1993இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்களின் தொகை பின்னர் நூறைத் தாண்டிற்று.

நடந்தது இதுதான். மாத்திரையில் சேர்க்கப்பட வேண்டிய செடியின் சீனப் பெயர் 'ஹான் ஃபாங் ஜி'. வந்து சேர்ந்தது 'குவாங் ஃபாங் ஜி'. பெயரில் ஒட்டு; செடியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டாவது செடி அரிஸ்டோலோகியா என்ற இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற பொருள் உண்டு. அது சிறுநீரகத் திசுவை அழிப்பதோடு நிற்பதில்லை, டி.என்.ஏ.வில் உள்ள அடினைனோடு ஒட்டிக்கொண்டு, அடினைன் இருந்த இடத்தில் தைமின் வந்து அமரும்படி செய்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், செயலிழந்த சிறுநீரகங்களை அறுவை மூலம் அகற்றிக்கொள்ள இசைந்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. அவர்கள் அந்த மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இச்செடிகளைக் கொண்ட மருந்துகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் முதற்பிரிவில் சேர்த்தது.

எங்கோ பெல்ஜியத்தில் நடந்ததுதானே என்று விட்டுவிட முடியாது. அரிஸ்டோலோகியா நம் ஊர்ச் செடியும்கூட. தென்மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளை அவ்வினம். ஈசுவரமூலி என்றும் பெருமருந்துக்கொடி என்றும் அழைக்கப்படும் கொடியும் அவ்வினமே. இரண்டும் சித்த மருத்துவத்தில் வழங்குபவை. இரண்டிலும் இந்த அமிலம் இருப்பதை வேதியியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. எதையும் மேயும் ஆடு இதைத் தின்னாது என்று கவனித்துப் பெயரிலேயே எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர்கள். அச்செடிக்கு எழுதப்பட்ட மிகப் பழைய எச்சரிக்கைச் சீட்டு அந்தப் பெயர்தான் என்பேன். இன்றைய சீட்டுகளைவிட அது நேர்மையானது.

ஆள்மாறாட்டம் பழங்கதையும் அன்று. கொரோனாக் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் கொடி பெருமளவில் உட்கொள்ளப்பட்டது. 2020இல் மும்பையில் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டில் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரின் விவரங்கள் வெளிவந்தன. ஆயுஷ் அமைச்சகமோ, அது சீந்திலாக இராது, அதைப் போலவே தோன்றும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்று மறுத்தது. ஆய்வாளர்கள் தாம் சோதித்தது சீந்திலே என்றார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அமைச்சகத்தின் மறுப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சீந்தில் என்று நம்பி வாங்குபவர் வீட்டுக்கு வேறொரு கொடி போகக்கூடும் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறதே! மூலிகைக்கு அது நல்ல சான்று; மூலிகை வாணிபத்திற்கு அன்று.

அனுபவம் எதைக் காணும், எதைக் காணாது

இரண்டாவது வாசகம் வலுவானது. படித்தவர்களும் பணிந்துவிடுவது அதற்குத்தான். ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் உண்டு பார்த்த பொருளை நேற்று வந்த கருவி குறை கூறுவதா?

அனுபவம் மதிக்கத்தக்க கருவிதான். எட்டிக்கொட்டையும் அரளி விதையும் குன்றிமணியும் கொல்லும் என்பதை எந்த ஆய்வகமும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அவை சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வேலையைக் காட்டிவிடுகின்றன. காரணமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் கண்ணுக்குப் புலப்படுகின்றன. ஆனால் இன்று உண்ட பொருள் இருபது ஆண்டு கழித்து, நூறில் சிலருக்கு மட்டும் நோய் தருமென்றால், எந்த வைத்தியர் அதைக் கண்டுபிடிப்பார்? நோயாளி வேறு ஊருக்குப் போயிருப்பார், வைத்தியரே காலமாகியிருக்கலாம்.

தான்யூபு ஆற்றின் கிளைநதிகளை ஒட்டிய பால்கன் சிற்றூர்களில் உழவர் குடும்பங்களை மட்டும் ஒரு சிறுநீரக நோய் வாட்டி வந்தது. 1950களில் அதை மருத்துவர்கள் விவரித்தார்கள். காரணம் தெளிவாக அரை நூற்றாண்டு பிடித்தது. கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோகியாவின் விதை கோதுமையோடு அரைபட்டு நாள்தோறும் ரொட்டியில் போயிருக்கிறது! தலைமுறை தலைமுறையாக அந்த ரொட்டியைத் தின்ற மக்களின் அனுபவம் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. மெதுவான நஞ்சைக் காண எண்ணிக்கையும், பதிவேடும், அளவியலும் வேண்டும்.

பாஸ்டன் நகரத்து எண்கள்

மூன்றாவது வாசகத்திற்கு வருமுன், புட்டிக்குள் இருப்பதை எப்படி அறிவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் ஆசிரியன் என்பதால் இங்கே சற்று நீட்டுவேன், பொறுத்தருள்க.

2004 திசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இது. பாஸ்டன் நகர மன்றத்தைச் சுற்றி இருபது மைல் தொலைவுக்குள் இருந்த 30 தெற்காசியக் கடைகளில், உள்ளுக்குச் சாப்பிடும் ஆயுர்வேத மருந்துகள் 70 வாங்கப்பட்டன. அவற்றை எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் ஆராய்ந்தார்கள். பொருளின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் வெளியே தள்ளப்படும். வெற்றிடத்திற்கு மேற்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று இறங்கி வரும். இரண்டு நிலைகளின் ஆற்றல் வேறுபாடு ஒரு புதிய எக்ஸ் கதிராக வெளிப்படும். அதன் ஆற்றல் தனிமத்திற்குத் தனிமம் வேறுபடும் என்பதை மோஸ்லி 1913இல் ஒழுங்குபடுத்திக் காட்டினார். ஆகவே வெளிவரும் கதிரின் ஆற்றலை அளந்தால் தனிமத்தின் பெயர் தெரியும். கதிரின் செறிவை அளந்தால் அதன் அளவு தெரியும்.

இதில் ஒரு சுவையான இடர் உண்டு. ஈயத்தின் எல்-ஆல்பா கதிர் 10.55 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். ஆர்சனிக்கின் கே-ஆல்பா கதிர் 10.54. நல்ல உணர்கருவிகளே நூற்றைம்பது எலெக்ட்ரான் வோல்ட் அளவு இடைவெளியைத்தான் பிரித்துக் காணும். இங்கே இடைவெளி பத்து. ஈயத்தை ஆர்சனிக் என்று எழுதிவிட எவ்வளவு வாய்ப்பு! எனவே ஈயத்தின் 12.6, ஆர்சனிக்கின் 11.7 என்ற மற்றக் கதிர்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அளவிடுவது என்பது கருவியை வாங்கி வைப்பது மட்டுமன்று என்பதற்காக இதைச் சொன்னேன்.

எழுபதில் பதினான்கு மருந்துகளில் கன உலோகங்கள் இருந்தன. ஈயம் 13 மருந்துகளில். அவற்றின் இடைநிலை மதிப்பு கிராமுக்கு 40 மைக்ரோகிராம், உச்சம் 37,000. பாதரசம் 6 மருந்துகளில். இடைநிலை மதிப்பு 20,225, உச்சம் 1,04,000.

இந்த எண்களைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. கிராமுக்கு 40 மைக்ரோகிராம் ஈயம் மண்ணிலிருந்தோ, அரவை எந்திரத்திலிருந்தோ வந்திருக்கலாம். ஆனால் 20,225 மைக்ரோகிராம் பாதரசம் என்பது எடையில் இரண்டு விழுக்காடு. உச்சமோ பத்து விழுக்காட்டுக்கும் மேல். எந்த மண்ணும் ஒரு செடிக்கு இவ்வளவு பாதரசத்தைக் கொடுத்துவிடாது. அது செய்முறைப்படி வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. ஒன்று அழுக்கு, மற்றது சரக்கு. முன்னதற்குத் தூய்மை விதியும் பின்னதற்குப் பாதுகாப்புச் சான்றும் தேவை. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் நம் ஊரில் இந்த விவாதம் கூச்சலாகவே முடிகிறது.

சித்த மருத்துவர்கள் எழுப்பும் மறுப்பில் ஒரு நியாயம் உண்டு. பாதரசம் எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பது முக்கியம். கந்தகத்தோடு சேர்ந்த இலிங்கம் நீரில் கரைவது மிகச் சொற்பம். மீன்களில் சேரும் மெதில் பாதரசம் அப்படியன்று. எக்ஸ் கதிர் ஒளிர்வு தனிமத்தைச் சொல்லும், சேர்மத்தைச் சொல்லாது. ஆனால் இந்த மறுப்பு மேலும் சோதனை தேவை என்பதற்குத்தான் வழிகாட்டுகிறதேயன்றி, சோதனை வேண்டாம் என்பதற்கு அன்று. ஈயத்தைப் பொறுத்தவரை மனித உடலே சான்று சொல்லிவிட்டது. நியூயார்க் நகரில் 2011, 2012 ஆண்டுகளில் கருவுற்ற பெண்கள் ஆறு பேரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை நகரச் சுகாதாரத் துறை கண்டது. ஆறு பேரும் இந்தியாவிலிருந்து சென்ற ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்டவர்கள்.

அந்நாட்டுப் பொருள்கள் மட்டும் தூயவை என்றும் எண்ண வேண்டா. அதே ஆய்வாளர்கள் 2008இல் 193 மருந்துகளைச் சோதித்தபோது, அமெரிக்காவில் செய்தவற்றில் 21.7 விழுக்காட்டிலும் இந்தியாவில் செய்தவற்றில் 19.5 விழுக்காட்டிலும் உலோகங்கள் இருந்தன. 1994இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டப்படி, துணை உணவு என்ற பெயரில் விற்கும் மூலிகைப் பொருளுக்கு விற்குமுன் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. தீங்கானது என்று மெய்ப்பிக்கும் சுமை அரசின் தலையில். எபெட்ரா என்ற செடிப் பொருளை அவ்வரசு தடை செய்ய 2004 வரை ஆயிற்று.

சட்டம் கேட்கும் கேள்வி

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கான பகுதி 1964இல் சேர்க்கப்பட்டது. அதன் முதல் அட்டவணையில் உள்ள நூல்களில் கூறப்பட்ட முறைப்படி செய்தது மருந்து. 2010இல் வந்த விதியும், அந்நூல்களில் உள்ள மருந்தை அதே நோய்க்குக் கொடுப்பதானால் பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை என்கிறது. சட்டம் கேட்கும் முதற் கேள்வி 'எந்த நூலில் இருக்கிறது?' என்பதே. நூலின் ஆசிரியர் காட்டில் தாமே பறித்த செடியையும், இன்று மூன்று தரகர் கைமாறி மூட்டையில் வரும் வேரையும் அக்கேள்வி ஒன்றாகவே பாவிக்கிறது.

சட்டம் அளவே கேட்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளில் கன உலோகச் சோதனை 2006 சனவரி முதல் கட்டாயமாயிற்று. கிராமுக்கு ஈயம் 10 மைக்ரோகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை வரம்புகள். இவை பின்னர் நம் மருந்து நூல்களிலும் இடம்பெற்றன. ஆயினும் முதலில் கட்டாயமானது வெளியூருக்குப் போகும் சரக்குக்கு! அயல்நாட்டார் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் செய்த வேலையை, உள்ளூர் நோயாளியின்மேல் உள்ள அக்கறை செய்யவில்லை.

அந்த வரம்பும் தாராளமானதே. நம் மாணவரின் தந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிராம் உட்கொள்கிறார். வரம்புக்கு உட்பட்ட சூரணமாயினும் 60 மைக்ரோகிராம் ஈயம் வரை உள்ளே போகலாம். பாஸ்டன் இடைநிலை மதிப்பானால் 240. ஈயத்திற்கு முன்பு வகுத்திருந்த வார வரம்பை, எந்த அளவும் தீங்கற்றது என்று காட்ட இயலாததால், பன்னாட்டு வல்லுநர் குழு 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை விதியைப் பாருங்கள். எட்டி, ஊமத்தை, குன்றிமணி, பாதரசம் முதலிய நச்சுச் சரக்குகளுக்குத் தனி அட்டவணை உண்டு. அவை சேர்ந்த மருந்தின் புட்டியில் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்க' என்ற பொருள்படும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று விதி கூறுகிறது, ஆங்கிலத்திலும் இந்தியிலும்! 'பக்கவிளைவு அற்றது' என்பது மட்டும் எங்கள் ஊர்ப் புட்டியில் நல்ல தமிழில், கண்ணைக் கவரும் பச்சை நிறத்தில் இருக்கிறது.

இத்தகைய விளம்பர வாசகங்களை முன்கூட்டியே மாநில அதிகாரியிடம் காட்டி எண் பெற வேண்டும் என்று 2018 திசம்பரில் ஒரு விதி வந்தது, 170ஆம் விதி. அதன்கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டா என்று அமைச்சகம் 2023 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதிற்று. 2024 சூலையில் விதியே நீக்கப்பட்டது. அடுத்த மாதம் உச்சநீதிமன்றம் அந்நீக்கத்தை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டபோது அந்தத் தடையும் நீங்கிற்று. தவறான விளம்பரத்தைத் தண்டிக்க 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அச்சாகி, ஒட்டப்பட்டு, நம்பப்பட்ட பிறகு அது வரும்.

ஆங்கில மருந்துகள் மட்டும் யோக்கியமா என்று எழுத வாசகர் சிலர் பேனாவை எடுத்திருப்பீர்கள். இல்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட இருமல் மருந்து ஒன்று மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்தது, 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாத டையெத்திலீன் கிளைக்கால் அதில் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழக அரசின் சோதனைக் கூடம் கண்டது. கண்காணிப்பு தவறியதற்கு மன்னிப்பே இல்லை. ஆனால் வரம்பு என்று ஓர் எண் இருந்தது. தேடச் சென்றவர்கள் எதைத் தேட வேண்டும் என்று அறிந்திருந்தார்கள். பதினொரு செடிகள் கலந்த சூரணத்தில் எதை, எவ்வளவு என்று தேடுவது? உலோகத்திற்கு எக்ஸ் கதிர் போதும். அரிஸ்டோலோகிக் அமிலம் கார்பன், நைட்ரசன், ஆக்சிசன் போன்ற இலேசான அணுக்களால் ஆனது, அதற்கு நிறச்சாரல் பிரிகை முறை வேண்டும். செடியின் அடையாளத்திற்கு நுண்ணோக்கியோ டி.என்.ஏ. சோதனையோ வேண்டும். வலி சட்டென்று நிற்கும் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு; அதற்கும் தனிச் சோதனை. செலவு பிடிக்கும் வேலைதான். தொகுதிக்கு ஒரு முறை செய்து, கிடைத்த எண்களைப் புட்டியில் அச்சிட்டால் ஒரு புட்டிக்கு எவ்வளவு கூடிவிடும் என்று தயாரிப்பாளர்கள்தாம் கணக்குக் காட்ட வேண்டும்.

எங்கள் புட்டியைத் தயாரித்தவர்களுக்கு, தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு, அதில் ஈயம் எவ்வளவு என்று கேட்டுக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பிரித்துப் பார்த்தால் வண்ணத்தில் அச்சிட்ட விலைப்பட்டியல்.

மாணவரின் தந்தையை மருத்துவர் பார்த்தார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு அவர் இல்லை என்றாராம். சூரணத்தை அவர் மருந்தாகவே எண்ணவில்லை. மகன்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இரத்தச் சோதனையில் கல்லீரல் நொதிகள் மிகுந்திருந்தன. சூரணத்தை நிறுத்தி ஆறு வாரத்தில் அவை இறங்கிவிட்டன. முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது. சூரணம்தான் காரணமா? தெரியாது. அதில் இருந்தது என்ன என்று தெரியாதபோது எப்படிச் சொல்வது?

இந்திய மருத்துவ முறை மருந்துகளால் ஏற்படும் தீய விளைவுகளைப் பதிவு செய்ய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் மையங்களுள் ஒன்று. நோயாளியோ உறவினரோகூட அதற்கு எழுதலாம். மருந்தின் பெயர், தொகுதி எண், உட்கொண்ட நாட்கள், கண்ட தொல்லைகள் ஆகியவற்றைக் குறித்து மாணவர் அனுப்பிவிட்டார். தொகுதி எண்ணுக்காகத்தான் புட்டியை இன்னும் என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.